மூன்றாவது ஆணிக் குவளை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். போன வாரம் போனில், "நான் என் இஷ்டப்படிதான் இருக்கேன் பெரியப்பா, என்னை யாரும் எதுக்கும் கட்டாயப்படுத்தல" என்று சொன்னாய். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி பழைய ஞாபகம் ஒன்று வந்து தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. உன் வயதில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நம் ஊர்ப் பிள்ளையார் கோயில் முக்கில் அப்போது ஒரு டீக்கடை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் உன் தாத்தா கணக்கில் எனக்கு டீயும் வடையும் அங்கேதான். பெஞ்சில் உட்கார்ந்தால் கண்ணாடி கிளாஸில் டீ வரும். கொட்டகையின் பின்பக்கத் தூணில் வரிசையாக ஆணி அடித்து நாலைந்து அலுமினியக் குவளைகள் மாட்டியிருக்கும். காலனியிலிருந்து வருகிறவர்கள் அதில் ஒன்றைத் தாங்களே எடுத்து நீட்ட வேண்டும். கடைக்காரர் குவளையில் கை படாமல் மேலேயிருந்து ஊற்றுவார். நின்றபடியே குடித்து, கழுவி, திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. நான் சொல்வது அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து.

எட்டு வருஷம் அங்கே டீ குடித்தேன். அந்தக் குவளைகள் எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காதே என்று யாரும் தடுக்கவும் இல்லை. ஒரு நாள், வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற பையன் வந்தான். கணக்கில் என்னைவிடக் கெட்டி. குவளையை எடுத்தான், குடித்தான், கழுவி மாட்டினான். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கிளாஸும் கையுமாக பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கடையில் நான் முழுச் சுதந்திரமாகத்தான் இருந்தேன், குட்டிம்மா. டீயா காப்பியா, சர்க்கரை கம்மியா தூக்கலா, எல்லாம் என் இஷ்டம். ஒரு வழக்கம் நமக்குத் தோதாக இருக்கிறவரை அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. அது உறுத்துவது அடுத்தவருக்குத்தான்.

1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்திலுள்ள மூன்றில் அதே நீளக் கோடு எது என்று கேட்பார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருப்பவர்களில் ஒரே ஒரு ஆளைத் தவிர மற்ற எல்லோரும் அவர் முன்கூட்டியே சொல்லிவைத்தவர்கள். வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார்கள். இப்படிச் சோதிக்கப்பட்டவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது தம் கண்ணை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார்கள். யாரும் மிரட்டவில்லை. அதே அறையில் இன்னொருவர் மட்டும் சரியான விடையைச் சொல்லும்படி ஏற்பாடு செய்தபோது, கூட்டத்தோடு போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. இதைப் படித்த நாளிலிருந்து அந்த பெஞ்சைத்தான் நினைத்துக்கொள்கிறேன். எனக்கும் ஆணிக் குவளையிலேயே ஊற்றுங்கள் என்று எழுந்து போயிருக்கலாம். பின்னாலேயே இன்னொருத்தன் எழுந்திருப்பானோ என்னவோ.

முதலில் எழுகிற சிலரால் என்ன மாறும் என்பதற்கு உன் பேரையே எடுத்துக்கொள். ஒரு இனிஷியல், பிறகு பேர், அவ்வளவுதான். உன் கொள்ளுத்தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் பேருக்குப் பின்னால் சாதியும் இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. முதலில் பட்டத்தை விட்டவர்களை அவரவர் சொந்தபந்தம் சும்மாவா விட்டிருக்கும்? இன்றைக்கு உனக்கு அது ஒரு விஷயமே இல்லை. பேரிலிருந்து போனது மனசிலிருந்து போகவில்லை என்பது வேறு கதை. நம் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது கவனித்துப் பார்.

எல்லா வழக்கத்தையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. செருப்பை வாசலில் கழற்றுவதால் யாருக்கும் ஒரு வலியும் இல்லை. ஹாஸ்டலிலோ வீட்டிலோ உனக்கு எது ரொம்ப வசதியாக இருக்கிறதோ, அதை முதலில் சந்தேகப்படு. அந்த வசதிக்காக யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, அவர்களிடம் போய்க் கேள். விசேஷ நாளில் நான் எப்போதும் முதல் பந்தி. கடைசியாக உட்காருகிற உன் பெரியம்மாவுக்குக் குழம்பு மிஞ்சியிருக்கிறதா என்று நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அடுப்படிக்குள் எட்டிப் பார்த்ததில்லை. அதையும் இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன்.

போன தை மாதம் அந்த வகுப்பு நண்பனைப் பார்க்கப் போனேன். ரிட்டயராகி ஊரிலேயே வீடு கட்டியிருக்கிறான். தயங்கித் தயங்கி டீக்கடைப் பேச்சை எடுத்தேன். அவன் எதையும் மறக்கவில்லை. "மூணாவது ஆணிக் குவளை நசுங்கியிருக்கும், உதட்டைக் கிழிச்சுடும். அது என் கைக்கு வந்துடக் கூடாதுன்னு ஓட்டமா வருவேன்" என்றவன், கையிலிருந்த டம்ளரின் விளிம்பில் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.

அன்புடன்,
பெரியப்பா