விளைச்சலுக்கு நன்றி

அல்லாஹுதஆலாவுக்கு நன்றி செலுத்துவதை நம்மில் பலர் நாவோடு நிறுத்திக் கொள்கிறோம். மழை பெய்தால் ஓர் "அல்ஹம்து லில்லாஹ்". நெல் களத்துக்கு வந்தால் இன்னொன்று. நல்லதுதான். ஆனால் தாவூத் (அலை) அவர்களின் குடும்பத்தாரிடம் அல்லாஹ் கேட்டது செயலால் ஆன நன்றி என்பதை ஸூரா ஸபா 13-ஆம் ஆயத்தில் காண்கிறோம். விவசாயிக்கு அந்தச் செயல் எது? விளைச்சலின் ஹக்கை அறுவடை நாளில் கொடுத்துவிடும்படி ஸூரா அன்ஆம் 141-ஆம் ஆயத் ஏவுகிறது. உஷ்ருக்கு இமாம்கள் பலர் இதை ஆதாரமாகக் கொள்கிறார்கள்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்தை எடுத்துக் கொள்வோம். கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி ஆறாக இறங்கி, கச்சிராயபாளையத்துக்கு அருகில் அணையில் தேங்கி, வாய்க்கால் வழியே வயலுக்கு வருகிறது. அந்த மழையைப் பெய்வித்தவர் நாமல்லர். அடுத்த வயல்காரரோ கிணறு வெட்டி, மோட்டார் வைத்து இறைக்கிறார். இந்த வேற்றுமையை ஷரீஅத் அன்றே கவனித்திருக்கிறது. மழையாலும் ஊற்றாலும் விளைந்ததில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் வகுத்தது புகாரியில் பதிவாகியுள்ளது. நூறு மூட்டைக்குப் பத்து, அல்லது ஐந்து.

"உரம், கூலியெல்லாம் கழித்த பிறகுதானே?" என்று கேட்பார்கள். ஹனஃபி மத்ஹபில் கழிப்பதில்லை. இறைக்கும் செலவுக்காகத்தான் முன்பே பாதி குறைக்கப்பட்டுவிட்டதே!

கரும்பு விஷயத்தில் கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் கரும்புக்கும் உஷ்ர் உண்டு, விளைச்சல் குறைவானாலும் சரியே. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களிடம் சேமித்து வைத்து உண்ணும் பிரதான உணவுக்கே, அதுவும் ஐந்து வஸக் எட்டினால்தான். இந்திய நிலத்துக்கு உஷ்ர் கடமையா என்பதிலும் ஹனஃபி உலமாக்கள் வேறுபடுகிறார்கள். ஆகவே ஊர் ஆலிமிடம் கேட்டுச் செய்ய வேண்டும். கேட்காமலேயே விட்டுவிடுவதைத்தான் நாம் குறை சொல்கிறோம்.

மழை பொய்த்து அணை நிரம்பாத ஆண்டும் வரும். அப்போதும் நிலத்துக்காரர் குத்தகை கேட்பார். கடைக்காரர் உரக்கடன் கேட்பார். அல்லாஹ் கேட்பதில்லை. விளையாத பயிருக்கும், அறுவடைக்கு முன் வெள்ளத்தில் அழிந்த பயிருக்கும் உஷ்ர் இல்லை. கொடுத்ததிலிருந்துதான் கேட்கிறான். அதற்கு நன்றி செய்தால் மேலும் தருவதாக ஸூரா இப்ராஹீம் 7-ஆம் ஆயத்தில் வாக்களிக்கவும் செய்கிறான். வாக்கு மாறாத அந்த ரப்புக்கு "வதூத்", பேரன்புடையவன், என்றும் ஒரு திருநாமம் உண்டு.

உஷ்ரை ஸகாத் பெறத் தகுதியுள்ள ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். நெல்லாகவே கொடுக்கலாம், ஹனஃபி மத்ஹபில் அதன் விலையாகவும் கொடுக்கலாம். வியாபாரியின் லாரி வருவதற்கு முன், களத்திலேயே அந்த மூட்டைகளைத் தனியே எடுத்து வைத்துவிடுவது இலகு.