பழைய பெயின்ட் மேலேயே புதிது பூசலாமா?

கேள்வி: எங்கள் ஃபைபர் படகு எப்போதும் கழிமுகத் தண்ணீரிலேயே நிற்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேற்றி, அடியில் கொட்டலசு ஒட்டாத பெயின்ட் அடிக்க நினைக்கிறேன். பழைய பூச்சின் மேலேயே அடிக்கலாமா?
- வாசகர், மரக்காணம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: பழைய பூச்சு உறுதியாக ஒட்டியிருந்து, புதியதும் அதற்கு ஒத்துப்போகும் வகையாக இருந்தால் அடிக்கலாம். செதில் செதிலாக உரிந்தால் முழுவதும் எடுத்துவிட்டு, பிரைமரிலிருந்து தொடங்குங்கள். அரைகுறையாக விட்டால் புதுப் பூச்சும் அதோடு சேர்ந்தே உரியும்.

படகைக் கரையேற்றிய அன்றே, ஈரம் காய்வதற்குள் பாசியையும் கொட்டலசையும் சுரண்டிவிடுங்கள். காய்ந்தால் கல்லாக இறுகிவிடும். கம்பி பிரஷ் வேண்டாம், ஃபைபரின் மேல்பூச்சைக் கீறிவிடும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். உலர்த்தேய்ப்பு கூடவே கூடாது. இவ்வகைப் பெயின்ட்களில் பெரும்பாலும் தாமிர நஞ்சு உண்டு. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகும். முகக்கவசமும் கையுறையும் அவசியம்.

உங்கள் ஊர் உப்புக்காற்றை மறக்காதீர்கள். தேய்த்து வைத்த அடிப்பகுதியில் ஒரே இரவில் உப்பு படியும். பூசும் நாளன்று மீண்டும் நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலரவிடுங்கள். பூச்சுகளுக்கு இடையிலும், தண்ணீரில் இறக்கும் முன்பும் விட வேண்டிய நேரம் டப்பாவில் இருக்கும்.

உங்கள் படகு தண்ணீரிலேயே நிற்பதால் இந்தப் பெயின்ட் தேவை; தினமும் மணலில் இழுத்தேற்றும் படகுக்கு இந்தச் செலவே வீண்.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அவகாசம் தாராளம். ஒரு வேண்டுகோள்: கீழே தார்ப்பாய் விரித்து, சுரண்டிய தூளைச் சேகரியுங்கள். பறவைகள் சரணாலயமான கழுவெளிப் பக்கம் அதைக் கழுவிவிடாதீர்கள்.