தளர்ந்த இணைப்பும் சூடேறும் பிளக்கும்: வீட்டு மின்சாரம் குறித்துச் சில பாடங்கள்

1997 ஜூன் 13 அன்று தில்லி கிரீன் பார்க்கிலுள்ள உபஹார் திரையரங்கில் 59 பேர் உயிரிழந்தனர். அக்கட்டடத்தின் தரைத்தளத்திலிருந்த மின்மாற்றியில் அன்று காலையே தீப்பற்றி, அவசரமாகப் பழுது பார்க்கப்பட்டிருந்தது. கேபிளின் முனை உரிய கிரிம்பிங் கருவியின்றிச் சுத்தியலால் தட்டிப் பொருத்தப்பட்டதும், தளர்ந்த அந்த இணைப்பே மாலையில் மூண்ட தீக்குத் தொடக்கமானதும் பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டன. பால்கனியில் இருந்தோர் வெளியேறும் வழி அடைபட்டிருந்ததால் புகையில் சிக்கினர்.

அது பெரிய மின்மாற்றி. நம் வீட்டில் இருப்பதோ 230 வோல்ட் இணைப்பு. எனினும் தளர்ந்த இணைப்பின் இயல்பு இரண்டிலும் ஒன்றே.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

குளிர்காலத்தில் தில்லி வீடுகளில் 2000 வாட் கீசர் வழக்கமானது. 2000-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்கக்கூடியது 1380 வாட் மட்டுமே. ஆகவே கீசர், ஹீட்டர், ஏசி ஆகியவற்றுக்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதற்கேற்ற தடித்த வயரும் தேவை.

இனி, சாக்கெட்டினுள் ஒரு திருகு தளர்ந்து, அவ்விடத்தில் அரை ஓம் மின்தடை உண்டாவதாகக் கொள்வோம். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால், அச்சிறு புள்ளியில் ஏறத்தாழ 38 வாட் வெப்பம் பிறக்கும். ஈயம் உருக்கும் சிறிய பற்றவைப்புக் கோலின் திறன் 25 வாட்தான்.

காவலர் இருவர், காணாதது ஒன்று

எம்.சி.பி. காப்பது வயரை. அளவுக்கு மீறிய மின்னோட்டமோ குறுக்குச்சுற்றோ நேர்ந்தால் அது இணைப்பைத் துண்டிக்கும். ஆனால் மனித உடலுக்கு ஆபத்தான மின்னோட்டம் ஆம்பியரில் மிகச் சிறு பகுதியே, அதை எம்.சி.பி. உணராது.

ஆர்.சி.சி.பி. காப்பது மனிதரை. ஃபேஸ் வழியாகச் சென்ற மின்னோட்டம் நியூட்ரல் வழியாக முழுமையாகத் திரும்புகிறதா என்று அது ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் வகை, அந்த அளவு கசிந்தாலே நொடிப்பொழுதில் துண்டிக்கும். கருவியின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால் அதை நிலத்துக்குக் கொண்டுசெல்வது பச்சை நிற எர்த் வயர். ஆதலால் மூன்றாம் முள்ளை நீக்கிவிட்டு இருமுள் பிளக்காகப் பயன்படுத்துதல் கூடாது.

தளர்ந்த இணைப்பையோ இவ்விரண்டும் காண்பதில்லை. அங்கே மின்னோட்டம் மிகுவதுமில்லை, கசிவதுமில்லை. வெப்பம் மட்டுமே சேர்கிறது. அதைக் கண்டறிய வேண்டியவர்கள் நாமே.

நாம் செய்யக்கூடியவை

1. கீசர், ஏசி ஓடி முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, அதன் பிடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு; சுடுவது இயல்பன்று. பழுப்பேறிய சாக்கெட், கருகிய நெடி, 'சிர்' என்னும் ஓசை ஆகியவையும் எச்சரிக்கைகளே.

2. ஆர்.சி.சி.பி.யின் 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அது விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

3. எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால், வயரை மாற்றாமல் அதை மட்டும் பெரிதாக்காதீர்கள். வயர் உருகிய பின்னரே அது விழும் நிலை வரலாம்.

4. புதிய ஏசி வாங்குமுன் மின்கட்டணச் சீட்டிலுள்ள அனுமதிக்கப்பட்ட மின்பளுவைப் பாருங்கள்.

5. ஒருவரை மின்சாரம் தாக்கினால் முதலில் மெயினை அணையுங்கள். அதற்குமுன் அவரைத் தொடாதீர்கள். மின்தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வீட்டுக்கடனில் பழைய குடியிருப்பை வாங்குவோர் பத்திரத்தையும் வில்லங்கத்தையும் கூர்ந்து நோக்குகின்றனர். சுவருக்குள் ஓடும் வயரின் வயதைக் கேட்போர் குறைவு. குடிபுகுமுன் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு இணைப்புகளை இறுக்கி, எர்த்தைச் சோதித்துக்கொள்ள வேண்டுகிறோம். காப்பீடு பொருளிழப்பை ஈடுசெய்யலாம். உயிரிழப்பை ஈடுசெய்ய எந்தத் திட்டமும் இல்லை.