கிணற்றடியில் தொடங்குங்கள்

வெயிலில் பம்பு ஓட்டும் இன்வெர்ட்டரைத் தங்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்று என்னிடம் வரும் தம்பி தங்கைகளுக்கு நான் வழக்கமாகச் சொல்பவை இவை.

1. முதலில் கிணற்றடிக்குப் போங்கள். தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது, தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, மோட்டார் நேம் பிளேட்டில் எத்தனை ஆம்பியர் என்று நோட்டில் எழுதிக்கொண்ட பிறகு சாலிடரிங் அயர்னைச் சூடாக்கலாம். கோடையில் மட்டம் எங்கே இறங்கும் என்றும் கேளுங்கள். ஐப்பசி மட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு சித்திரையில் காலை வாரிவிடும்.

2. 415 வோல்ட் மூன்று பேஸ் மோட்டாருக்கு டிசி பக்கம் ஏறக்குறைய 590 வோல்ட் வேண்டும். 37 வோல்ட் பேனல் 16 போட்டால் கணக்கு சரியாக வரும். ஆனால் உச்சிவெயிலில் பேனல் சூடேறி வோல்டேஜ் இறங்கிவிடும். ஆகவே 18 போடுங்கள். அதே 18 பேனலும் லோடு இல்லாமல் நிற்கும்போது 800ஐத் தாண்டும். ஆகவே சுவிட்சாக வேலை செய்யும் ஐஜிபிடி 1200 வோல்ட் தாங்க வேண்டும். கெப்பாசிட்டர் 450 வோல்ட் என்றால் இரண்டிரண்டாக சீரிஸில்.

3. மேகம் வரும்போது பம்பை நிறுத்தாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள். இந்த வேலையின் உயிரே இதுதான். ஹெர்ட்ஸ் குறையும்போது வோல்டேஜும் அதே விகிதத்தில் குறைய வேண்டும்: ஒரு ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட். இல்லையென்றால் காயில் கருகும். 50 ஹெர்ட்ஸில் ஓடுவதை 40க்குக் கொண்டுவந்தால் பம்பு கேட்கும் பவர் பாதியாகிவிடும். முதன்முதலில் இதைக் கண்ணால் பார்த்த நாள் எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் 50இல் 100 அடி தள்ளும் பம்பு, 40இல் 64 அடிதான் தள்ளும். எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே குழாய் வாயில் தண்ணீர் நிற்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் பம்பு உள்ளிருக்கும் தண்ணீரையே கடைந்துகொண்டிருக்கும். சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பது அதை உரசி ஓடும் தண்ணீர்தான். அது நின்றால் மோட்டாருக்கு ஆபத்து. அந்த எல்லையில் நிறுத்தி, சில நிமிடம் கழித்து மறுபடி முயல இன்வெர்ட்டருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

4. மேல் ஐஜிபிடி அணைந்து கீழது திறக்க இரண்டு மூன்று மைக்ரோசெகண்ட் இடைவெளி விடுங்கள். டிசி கொடுப்பதற்கு முன்பே கேட் சிக்னலை ஆசிலோஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள். முதல் ஓட்டத்தைப் பேனலில் வைக்காமல், 200 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு, ரெக்டிஃபையரால் டிசியாக்கிய வீட்டுக் கரண்டில் வையுங்கள். தப்பு இருந்தால் பல்பு பளீரென்று எரியும், ஐஜிபிடி பிழைத்துக்கொள்ளும்.

5. சின்ன வயதில், சுவிட்சை அணைத்த தைரியத்தில் கெப்பாசிட்டர் முனையில் விரல் வைத்தேன். அடித்த அடியில் முழங்கை வரை மரத்து, சுவரில் போய் மோதினேன். வடிகால் ரெசிஸ்டர் போட்டிருந்தாலும் ஐந்து நிமிடம் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். வெயில் இருக்கும்வரை பேனல் கம்பியில் உயிர் இருக்கும். அதைப் பிரிக்க டிசி பிரேக்கர்தான் வேண்டும்; டிசியில் கிளம்பும் பொறி ஏசியைப் போலத் தானாக அணையாது.

6. தண்ணீர் வற்றினால் ஆம்பியர் சட்டென்று இறங்கும். அதைக் கண்டு நிறுத்த புரோகிராமில் சில வரி போதும்.

7. ஒரு தோட்டத்தில் வெடித்துப்போன பெட்டியைத் திறந்தேன். டிசி பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே காய்ந்து ஒட்டிக் கிடந்தது ஒரு பல்லி. கதகதப்பைத் தேடி வந்திருக்கும், பாவம். கேபிள் நுழையும் ஒவ்வொரு துளைக்கும் கிளாண்ட், விசிறி வாய்க்கு எறும்பும் நுழையாத வலை. பெட்டியைப் பூட்டுவதற்கு முன் இரண்டையும் விரலால் தடவிப் பாருங்கள்.