பூனைக்குட்டிகளின் தொண்டையில் தோன்றும் சதை வளர்ச்சி

நீங்காத சளி என்று கருதப்பட்டு, மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பெற்றுவரும் இளம் பூனைகள் உண்டு. மருந்து கொடுக்கும் நாட்களில் சளி சற்றுக் குறையும், நிறுத்தியதும் மீளும். ஈராண்டுக்கு உட்பட்ட பூனையிடம் இந்நிலை காணப்படுமாயின், மற்றொரு மருந்தை நாடுமுன், மெல்லண்ணத்திற்குப் பின்னே பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி உண்டா என்று பார்த்தறிதல் வேண்டும்.

இவ்வளர்ச்சி புற்று அன்று. அழற்சியுற்ற சவ்விலிருந்து காம்புடன் எழும் மென்சதையாகும். தொண்டையில் காணப்படினும் அதன் வேர் அங்கு இல்லை. நடுச்செவியின் சவ்விலோ, நடுச்செவியைத் தொண்டையின் மேற்பகுதியோடு இணைக்கும் யூஸ்டேக்கியன் குழலிலோ அது வேர்கொள்கிறது. மலைப்பாதையில் பேருந்து ஏறுகையில் அடைத்துக்கொண்ட காது, எச்சில் விழுங்கியதும் திறக்கின்றதன்றோ? அது இக்குழலின் செயலே. ஆசிரியர்கள் இதனைக் கூறி மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். வளர்ச்சி குழல் வழியே தொண்டைக்கு இறங்கினால் மூச்சு தடைப்படும். செவிப்பறையைக் கடந்து வெளிச்செவியை அடைந்தால் காதில் சீழ் வடியும்.

குறட்டை போன்ற மூச்சொலியே முதன்மையான அறிகுறி. வீட்டார் இதனை வேடிக்கையாக எண்ணிவிடுவதால் காலம் வீணாகிறது. தும்மல், மூக்கொழுகல், விழுங்கும்போது ஓங்கரித்தல், குரல் மாறுதல் ஆகியனவும் தோன்றும். காதைச் சார்ந்ததாயின், பூனை தலையை உதறும், தலை ஒருபுறம் சாயும், நடை தள்ளாடும். மூக்கடைத்த பூனைக்கு மணம் தெரியாது. மணம் தெரியாத பூனை உண்ணாது. பல நாள் உண்ணாத பூனையின் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே தீங்கு நேரலாம். ஆதலின் உணவை இளஞ்சூடாக்கிக் கொடுத்தல் நன்று. மனிதர் உண்ணும் பாரசிட்டமால் மாத்திரையைச் சளிக்கென்று கொடுக்கும் வழக்கம் கொடிது. அது பூனைக்கு நஞ்சு.

களத்தில் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. குளிர்ந்த கண்ணாடித் துண்டை நாசிகளின் முன் பிடித்தால், மூச்சு தடையின்றி வரும் நாசியின் எதிரே ஆவி படியும். அடைபட்ட நாசியின் எதிரே படியாது. எனினும் இது அடைப்பு உண்டென்பதை மட்டுமே காட்டும். வைரஸ் சளி, மூக்கில் சிக்கிய புல், கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை நோய், முதிய பூனைகளில் லிம்போமா ஆகியனவும் மூக்கை அடைப்பனவே. உறுதி செய்ய மயக்க மருந்து இன்றியமையாதது. மயங்கிய பூனையின் வாயைத் திறந்து, மெல்லண்ணத்தை விரலால் அழுத்தினால் கட்டி தட்டுப்படும். மழுங்கிய கொக்கியால் அதனை முன்னே இழுத்தால் இளஞ்சிவப்பு வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். இரு காதுகளையும் நோக்குதல் வேண்டும். நடுச்செவியின் எலும்புக் குமிழ் பாதிக்கப்பட்டிருப்பதை எக்ஸ்ரே ஓரளவும், சி.டி. ஸ்கேன் தெளிவாகவும் காட்டும். மூச்சுவழி ஏற்கெனவே குறுகியிருப்பதால், மூச்சுக்குழாய் செலுத்தும் வசதி இல்லாத இடத்தில் இச்சோதனையைத் தொடங்கலாகாது. பூனையை மருத்துவமனைக்கு அனுப்புவதே முறை.

வளர்ச்சியின் காம்பை இடுக்கியால் பற்றி, மெதுவாகவும் விடாமலும் இழுத்தால் வேரோடு வந்துவிடும். தொண்டையில் மட்டும் இறங்கியவை இதனால் பெரும்பாலும் குணமாகும். காதுவரை பரவியவை மீண்டும் வளர்வது அதிகம். இழுத்தெடுத்தபின் சில வாரங்கள் பிரெட்னிசோலோன் கொடுத்தால் மீள்வளர்ச்சி குறைவதாக அனுபவம் காட்டுகிறது. மீண்டும் வந்தாலோ, எலும்புக் குமிழ் நிறைந்திருந்தாலோ, கீழ்ப்புறமாக அக்குமிழைத் திறந்து சவ்வை அகற்றும் அறுவை தேவைப்படும்.

சிகிச்சைக்குப்பின் அப்பக்கத்துக் கண்மணி சுருங்கி, இமை தாழ்ந்து, மூன்றாம் இமை வெளிப்படலாம். நடுச்செவி வழியே செல்லும் நரம்பு அதிர்ச்சியுறுவதே இதன் காரணம். இது பெரும்பாலும் சில வாரங்களில் நீங்கிவிடும். முன்னரே கூறாவிடில், கண் கெட்டதென்று வீட்டார் கலங்குவர். எடுத்த சதையை எறிந்துவிடாது, பத்து சதவீத பார்மலினில் இட்டு நோய்க்குறியியல் கூடத்திற்கு அனுப்புதல் வேண்டும். பூனை வயதில் மூத்ததாயின் இது கட்டாயம்.