வீட்டு இணையத்துக்கும் பூட்டு வேண்டும்

கடைப் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கும் நான், வீட்டு இணையத்தில் ஏமாந்தேன். மாத டேட்டா பாதியிலேயே தீர்ந்தது. வைஃபை கடவுச்சொல்லாக நான் வைத்திருந்தது, கடைப் பெயர்ப்பலகையிலுள்ள தொலைபேசி இலக்கம்!

ரவுட்டருக்கு இரண்டு பூட்டுகள். ஒன்று வைஃபைக்கு. மற்றது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கு. அதில் 'அட்மின்' என்ற பழைய சொல்லே இருந்தால், உள்ளே நுழைபவர் டீஎன்எஸ் முகவரியை மாற்றி, வங்கித் தளமென்று போலித் தளத்தைக் காட்டலாம். 2016இல் 'மிராய்' நச்சுநிரல், கம்பனிகள் வைத்த இத்தகைய சொற்களைக்கொண்டே இலட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது.

இரண்டையும் இன்றே மாற்றுங்கள். டபிள்யூபீஏ2 அல்லது டபிள்யூபீஏ3 தெரிவுசெய்யுங்கள். ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். பிறர் நம்மை நம்பித் தந்த கணக்குகளும் அந்த இணைப்பில்தான் போய்வருகின்றன.