மட்டாஞ்சேரிச் சுவரில் பட்டறை மேசை

கொச்சியின் மட்டாஞ்சேரியில் நிலவறை கட்டுவோர் அரியர். பஜார் சாலைப் பண்டகசாலைகள் பலவற்றின் பின்வாசல் காயலை நோக்கியே திறக்கிறது. சிறிது ஆழம் தோண்டினாலே நீர் ஊறிவிடும். ஆயினும் நிலவறைக்கு உரிய இடர்கள் யாவும் இங்குத் தரைத்தளத்திலேயே உண்டு. ஆண்டுதோறும் சாலையின் மேல் சாலை போடப்பட்டு, பழைய கடைகளின் தரை தெருவினும் தாழ்ந்து நிற்கிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களின் ஏற்றநீர் கால்வாய்களில் ஏறி, தாழ்ந்த வீடுகளின் வாசலைத் தொடுகிறது. சுவர் உப்பு நீரை உறிஞ்சுகிறது. அத்தகைய சுவரில்தான் நம் வாடிக்கையாளர் பலர் தம் தொழிலுக்கான மேசையைப் பொருத்த விழைகின்றனர்.

யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளுக்காக மரச்சாமான்களைச் செப்பனிடும் தச்சர், பூட்டுத் தொழிலாளர், மின்கருவி பழுதுபார்ப்போர், ஃபோர்ட் கொச்சி தோபி கானாவில் துணி வெளுத்துத் தேய்க்கும் தமிழ்க் குடும்பத்தினர் எனப் பலருக்கும் மேசையே முதலாவது கருவி. அதைச் சுவரோடு பிணைப்பதன் காரணம் எளியது. இழைப்புளியைத் தள்ளும்போதும், வைஸில் இறுக்கிய இரும்பை அறுக்கும்போதும், தனித்து நிற்கும் மேசை அசைகிறது. அசையும் மேசையில் அளவு பிழைக்கும். உளி வழுவினால் கையும் பிழைக்காது.

முதற்கண் சுவரை அறிதல் வேண்டும். ‘கான்கிரீட் சுவர்’ என்று நாம் பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் கான்கிரீட் அன்று. புதிய கட்டடங்களில் தூணும் உத்தரமும் மட்டுமே கான்கிரீட். இடைப்பட்ட சுவர் சிமெண்டுக் கல்லாகவோ உள்ளீடற்ற பிளாக்காகவோ இருக்கும். பழைய மட்டாஞ்சேரிக் கட்டடங்களில் பல சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய வெட்டுக்கல்லால் ஆனவை. பின்னாளில் அவற்றின்மேல் சிமெண்டு பூசியதால் வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரிவதில்லை.

இந்த வெட்டுக்கல்லுக்கு உலக அறிவியலில் ஒரு தனியிடம் உண்டு. மலபாரின் அங்காடிப்புறத்தில் இதனைக் கண்ட பிரான்சிஸ் புக்கனன், 1807-இல் வெளியான தம் பயண நூலில் ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டார்; செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அமைந்த பெயர் அது. நிலத்திலிருந்து வெட்டும்போது மெத்தென்றிருக்கும். காற்றுப் பட்டபின் இறுகும். இறுகினும் உள்ளே துளைகள் நிறைந்த கல்லே. கட்டடத்தின் பாரத்தை நூற்றாண்டுகள் தாங்கும். ஆனால் ஒரு போல்ட்டின் விரல்நுனியளவான அழுத்தத்தைத் தாங்குவது வேறு செய்தி.

சுவரின் இயல்பை அறியச் சிறிய டிரில் முனை ஒன்று போதும். மேசைக்குப் பின்னே மறையும் இடத்தில் 6 மி.மீ. துளை இட்டு, விழும் தூளைத் தாளில் ஏந்திப் பாருங்கள். முதல் 1 அல்லது 2 செ.மீ. வரை வருவது பூச்சு. அதைக் கணக்கில் கொள்ள வேண்டாம். அதன்பின் சாம்பல் நிறத் தூள் மெல்ல வந்து, டிரில் முனை கடினமாக முன்னேறினால் கான்கிரீட். செந்தூள் எளிதாகக் கொட்டினால் வெட்டுக்கல். முனை திடீரென உள்ளே சரிந்தால் உள்ளீடற்ற பிளாக். மின்கம்பியும் குழாயும் செல்லும் தடத்தை முன்னரே அறிந்து விலகுதல் இன்றியமையாதது; பழைய கடைகளில் அத்தடங்கள் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்பட்டவை அல்ல.

சுவரைக் காட்டிலும் முதன்மையானது பாரத்தின் கணக்கு. 60 செ.மீ. அகலமுள்ள மேசையை, கால்கள் இல்லாமல் முக்கோண இரும்புத் தாங்கிகளால் மட்டும் சுவரில் தொங்கவிடுவதாகக் கொள்வோம். தாங்கியின் அடிமுனைக்கும் மேல் போல்ட்டுக்கும் இடையே 40 செ.மீ. உயரம். மேசையின் முன்விளிம்பில் ஒருவர் சாய்ந்தோ ஏறி அமர்ந்தோ 100 கிலோ பாரம் தந்தால், மேல் போல்ட்டைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 100-ஐ 60-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தது, அதாவது 150 கிலோ. மூன்று தாங்கிகள் இருப்பினும், ஒரு மூலையில் பாரம் விழும்போது அருகிலுள்ள ஒன்றே பெரும்பங்கை ஏற்கும். சம்மட்டி அடியின் அதிர்ச்சி இதற்கு மேலும் கூடுதல்.

அதே மேசைக்கு முன்பக்கம் இரு கால்கள் கொடுத்துவிட்டால் காட்சி மாறுகிறது. முன்விளிம்பில் விழும் பாரம் கால் வழியே தரைக்குச் செல்கிறது. நடுவில் வைத்த பாரத்தில் பாதியே சுவருக்குச் செல்கிறது. அதுவும் போல்ட்டைக் கீழ்நோக்கி அழுத்துகிறதே தவிர வெளியே இழுப்பதில்லை. எனவே கால்களுள்ள மேசையையே இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. கால்களற்ற மேசை தரையைப் பெருக்க வசதியானது, பார்வைக்கும் அழகியதுதான். ஆயினும் வைஸும் அறுப்புக் கருவியும் ஏறும் மேசைக்கு அது தகாது.

சுவர் மெய்யாகவே கான்கிரீட் எனில் வேலை எளிது. மேசையின் உயரத்தை முதலில் உறுதி செய்க. நின்று வேலை செய்வோர்க்கு 85 முதல் 90 செ.மீ. பொருந்தும். ரசமட்டம் வைத்துக் கோடிட்டு, மேசைப்பலகையின் பின்விளிம்பைத் தாங்கும் நீள்சட்டம் ஒன்றைச் சுவரில் பொருத்த வேண்டும். ஆங்கர் போல்ட்டின் பெட்டியில் அச்சிட்ட அளவுள்ள முனையாலேயே துளையிடுக. 10 மி.மீ. போல்ட்டுக்குப் பூச்சு நீங்கலாகக் கான்கிரீட்டினுள் 6 செ.மீ. ஆழமேனும் வேண்டும், சுவரின் ஓரத்திலிருந்தும், போல்ட்டுக்குப் போல்ட்டும் 10 செ.மீ.க்குக் குறையாத இடைவெளி தேவை. கம்பி தட்டுப்பட்டால் அதை அறுத்துச் செல்ல முயலாமல், துளையைச் சிமெண்டுச் சாந்தால் அடைத்துவிட்டு வேறிடம் தேடுக. துளையின் தூளைத் தூரிகையாலும் காற்றாலும் முற்றிலும் நீக்குவது பலரும் விட்டுவிடும் படி. தூள் தங்கிய துளையில் போல்ட் பிடிப்பதுபோல் தோன்றும், பின்னர் வழுகும்.

வெட்டுக்கல் சுவருக்கு இம்முறை பொருந்தாது. விரிந்து பிடிக்கும் ஆங்கர், தன்னைச் சுற்றியுள்ள கல்லை நொறுக்கியே இடம் தேடும். இறுக்க இறுக்கத் தளரும். சுவரின் இருபுறமும் தமக்கே உரியதாயின், ஊடுருவும் நீண்ட போல்ட்டும், மறுபுறம் அகன்ற இரும்புத் தகடும் பாரத்தைப் பரப்பிவிடும். அல்லாவிடில், வலைக்குழலில் பசை நிரப்பிப் பொருத்தும் இரசாயன ஆங்கரைக் கல்லின் நடுப்பகுதியில் பயன்படுத்தலாம். ஈரச் சுவருக்கு உகந்த வகைதானா என்று வாங்கும்போதே கேட்டறிக. யாவற்றினும் நன்று, நான்கு கால்களும் உள்ள மேசை செய்து, அசைவைத் தடுக்க மட்டும் சுவரோடு இரண்டு இடங்களில் பிணைப்பது. அந்நிலையில் கல் சுமப்பது மிகச் சிறிது. உள்ளீடற்ற பிளாக்குக்கும் இதையே கொள்க.

ஈரத்தை மறக்கலாகாது. மேசைக்கும் சுவருக்கும் இடையே 2 செ.மீ. இடைவெளி விட்டால் சுவர் உலரும். கரையான் ஏறுவதும் கண்ணுக்குப் படும். மரக்கால்களை நேரே தரையில் நிறுத்தாமல் கருங்கல் துண்டின் மீதோ இரும்புக் காலணியின் மீதோ வைக்க வேண்டும். மேற்பலகைக்கு ஒட்டுப்பலகை வாங்குவோர் ஐ.எஸ். 710 முத்திரையைப் பார்த்து வாங்குக. போல்ட்டுகளில் சாதாரண இரும்பு இக்கடற்காற்றில் விரைவில் துருவேறும். துத்தநாகம் பூசியது சற்று நிலைக்கும். 316 தர எவர்சில்வர் விலை மிகுந்ததாயினும் உப்பை நன்கு எதிர்க்கும். மின்செருகிகள் மேசைக்கு மேலேயே இருக்கட்டும்.

வாடகைக் கடையாயின் துளையிடுமுன் உரிமையாளரின் எழுத்துவழி இசைவைப் பெறுக. காலி செய்யும் நாளில் எது யாருடையது என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்ளலாம்.

செலவுக்கு வழி தேடுவோர், 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பெற்ற பிரதமர் விசுவகர்மா திட்டத்தை நோக்கலாம். தச்சர், பொற்கொல்லர், பூட்டுத் தொழிலாளர், தையற்கலைஞர், சலவைத் தொழிலாளர் உள்ளிட்ட 18 தொழில்கள் இதில் அடங்கும். கருவிகளுக்கென ரூ. 15,000 வரை ஊக்கத்தொகையும், பிணையின்றி முதல் தவணையில் ரூ. 1 இலட்சம் வரை, அடுத்ததில் ரூ. 2 இலட்சம் வரை 5 விழுக்காடு வட்டியில் கடனும் இத்திட்டத்தின் கூறுகள். குடும்பத்தில் ஒருவருக்கே உரியது. பதிவு நடைமுறையைக் கிளையிலோ பொதுச் சேவை மையத்திலோ கேட்டறிக. கடனில் வாங்கும் இயந்திரம் எந்த மேசையில் ஏறப்போகிறது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எண்ணிப் பார்த்தல் நன்று. இயந்திரத்தின் விலையை மட்டும் எழுதிவிட்டு மேசையை மறந்த மதிப்பீடுகள் பின்னர் கைப்பணத்தை விழுங்கும்.

இடவப்பாதி மழையும் துலாமழையும் ஓய்ந்தபின் ஒவ்வொரு முறையும் நட்டுகளைச் சோதிக்க வேண்டும். போல்ட்டின் கீழே மேசைப்பலகையில் புதிதாகச் செந்தூள் உதிர்ந்திருக்கக் கண்டால், நட்டை மேலும் இறுக்காமல், முதலில் மேசையின் மேலுள்ள பாரத்தை இறக்கிவிடுங்கள்.